பப்ளிக் ஐபி அஞ்சு இருக்கு, சர்வர் மட்டும் திறக்கமாட்டேங்கு: போர்ட் ஃபார்வர்டிங் கேள்வி பதில்

நாகர்கோவிலில் இருந்துகொண்டு நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். கன்னியாகுமரி லாட்ஜ், குளச்சல் மீன் கம்பெனி, மார்த்தாண்டம் பக்கம் முந்திரி ஆலை, ஆரல்வாய்மொழி காற்றாலை ஆபீஸ் என்று இடம் மாறும். வருகிற போன் மாறாது: "லைன் எடுத்தாச்சு, ஃபார்வர்டும் போட்டாச்சு, வெளியில இருந்து திறக்கமாட்டேங்கு." போர்ட் ஃபார்வர்டிங் என்பது, இணையத்தில் இருந்து பப்ளிக் ஐபியின் ஒரு போர்ட்டுக்கு (சேவைக்கான வாசல் எண்) வருவதை உள்ளே இருக்கிற சர்வருக்குத் திருப்பிவிடுவது. அதைப் பற்றி அடிக்கடி வருகிற கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே போட்டிருக்கிறேன்.

எல்லாப் பதிலுக்கும் ஒரே உதாரணம். ஐஎஸ்பி (இணைய இணைப்பு தருகிற கம்பெனி) கொடுத்த முகவரித் தொகுதி 203.0.113.176/29, அதாவது 176 முதல் 183 வரை; இனி கடைசி எண்ணை மட்டும் சொல்கிறேன். ஐஎஸ்பியின் கேட்வே (வெளியே போகிற வழி) 177. ஃபயர்வாலின் (லைனுக்கும் ஆபீஸுக்கும் நடுவே நிற்கிற காவல் பெட்டி) முதன்மை முகவரி 178. உள்ளே 192.168.10.1 ஃபயர்வால், 192.168.10.20 சர்வர். 180-க்கு வருகிற 443 போர்ட் (பாதுகாப்பான வலைப்பக்கத்துக்கான வாசல்) அந்த சர்வருக்குப் போகவேண்டும். (203.0.113 வரிசை உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்டது. யாருடைய லைனும் இல்லை.)

1. /29 எடுத்தா எட்டு ஐபின்னு சொன்னாங்க. அஞ்சுதான் தாறாங்க. மிச்சம் மூணு எங்க?

176 அந்த வலையமைப்புக்கே உரிய முகவரி, 183 பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் ஒன்றாக அனுப்பும் முகவரி), 177 ஐஎஸ்பியின் ரவுட்டர். மிச்சம் 178 முதல் 182 வரை ஐந்து. யாரும் ஏமாற்றவில்லை.

2. எனக்குத் தந்திருக்கிறது உண்மையிலேயே பப்ளிக் ஐபிதானான்னு எப்படிப் பார்க்க?

ஃபயர்வாலின் வெளிப்பக்க இன்டர்ஃபேஸில் என்ன முகவரி இருக்கிறது என்று பாருங்கள். அது 10-இல் தொடங்கினாலும், 172.16 முதல் 172.31 வரைக்குள் இருந்தாலும், 192.168 என்றாலும் அது தனியார் முகவரி. 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் அது ஐஎஸ்பி தன் வாடிக்கையாளர்களுக்கு நடுவே பங்குபோட்டுக் கொடுக்கிற முகவரி. 2012-இல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். இந்த நிலையில் உங்கள் ஃபயர்வாலில் எத்தனை ரூல் போட்டாலும் பயனில்லை. வெளியிலிருந்து வருகிற பாக்கெட் ஐஎஸ்பியின் பெட்டியிலேயே நின்றுவிடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. லைன் இணைப்புக்கு மட்டும் தனியார் முகவரி கொடுத்துவிட்டு, /29 தொகுதியை அதன் வழியாக ரவுட் செய்து தருகிற ஐஎஸ்பி உண்டு. அப்படியா என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த பதிலுக்கும் அது தேவைப்படும்.

3. 178-ல எல்லாம் ஓடுது. 179, 180 எதுவுமே வரமாட்டேங்கு. ஒரே லைன்தானே அண்ணே?

லைன் ஒன்றுதான். ஆனால் தொகுதி உங்கள் கைக்கு வந்து சேர இரண்டு வழி இருக்கிறது. முதல் வழி, முழுத் தொகுதியையும் "178-இடம் கொடு" என்று ஐஎஸ்பி தன் ரவுட்டரில் எழுதி வைப்பது. அப்படியானால் 180-க்கான பாக்கெட் தானாக உங்கள் ஃபயர்வாலுக்கு வந்துவிடும். நாட் ரூல் (முகவரியை மாற்றி அனுப்பும் விதி) மட்டும் போதும். பிபிபிஓஇ லைனில் (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணைகிற வகை) கூடுதல் முகவரிகள் இப்படித்தான் வரும்.

இரண்டாவது வழி, தொகுதி நேராக அந்த ஈதர்நெட் கம்பியிலேயே இருப்பது. இங்கேதான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள். 180-க்கு ஒரு பாக்கெட் வந்ததும் ஐஎஸ்பியின் ரவுட்டர் கம்பியில் ஏஆர்பி (ஓர் ஐபி எந்தப் பெட்டியிடம் இருக்கிறது என்று விசாரிக்கிற முறை) கேள்வி ஒன்றை விடும்: 180 யாரிடம் இருக்கிறது, 177-க்குச் சொல்லு. உங்கள் ஃபயர்வாலுக்கு 180 தன்னுடையது என்றே தெரியாவிட்டால் அது பேசாமல் இருக்கும். நாட் ரூல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதுவரை பாக்கெட் வந்தால்தானே? செய்யவேண்டியது ஃபயர்வால் வகைக்கு வகை மாறும்: லினக்ஸிலும் மைக்ரோடிக்கிலும் வெளி இன்டர்ஃபேஸில் 180-ஐக் கூடுதல் முகவரியாகச் சேர்க்கவேண்டும். பிஎஃப்சென்ஸில் விர்ச்சுவல் ஐபி என்ற பக்கத்தில் சேர்க்கவேண்டும். ஃபோர்டிகேட்டில் விஐபி என்ற பொருளை உருவாக்கினாலே வழக்கமாக அது ஏஆர்பிக்குப் பதில் சொல்லிவிடும்.

சோதிப்பது சுலபம். வெளி இன்டர்ஃபேஸில் டிசிபிடம்ப் (போகிற வருகிற பாக்கெட்டைக் காட்டும் கருவி) வைத்து ஏஆர்பியை மட்டும் பாருங்கள். "ஹூ-ஹேஸ் 203.0.113.180 டெல் 203.0.113.177" என்ற வரி திரும்பத் திரும்ப வந்து, கீழே பதில் வரியே இல்லையென்றால் கோளாறு இதுதான்.

4. ரூல் எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனாலும் திறக்கல்ல. எங்க இருந்து தொடங்க?

ரூலைத் தொடாதீர்கள். முதலில் பாக்கெட் எதுவரை வந்தது என்று பாருங்கள். வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் இருந்து 180-ஐத் திறக்க முயலுங்கள். ஆபீஸ் வைஃபையிலேயே சோதிப்பது வேறு கதை. அது 7-ஆம் கேள்வி. அதே நேரத்தில் மூன்று இடத்தில் கேப்சர் (பாக்கெட் பதிவு) வேண்டும்: ஃபயர்வாலின் வெளிப்பக்கம், ஃபயர்வாலின் உள்பக்கம், சர்வர்.

வெளிப்பக்கத்திலேயே எதுவும் வரவில்லை என்றால் ஏஆர்பி, அல்லது ஐஎஸ்பி அந்தப் போர்ட்டைத் தடுக்கிறது. வெளிப்பக்கம் வந்து உள்பக்கம் போகவில்லை என்றால் நாட் ரூலோ அனுமதி ரூலோ பொருந்தவில்லை. உள்பக்கமும் போய் சர்வரில் விழவில்லை என்றால் சுவிட்ச், விலான் (சுவிட்சுக்குள் பிரித்த தனி வலை), அல்லது 192.168.10.20 இப்போது வேறு பெட்டியிடம் இருக்கிறது. சர்வருக்கு டிஎச்சிபியில் (முகவரியைத் தானாகப் பங்குபோடும் முறை) முகவரி விட்டு வைத்தவர்களுக்கு இது நடக்கும். சர்வரிலும் விழுந்து பதில் திரும்பவில்லை என்றால் 6-ஆம் கேள்விக்குப் போங்கள்.

கேட்பவர் பக்கத்தில் வருகிற பிழைச் செய்தியும் ஒரு துப்பு. "கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்" என்று உடனே வந்தால் பெரும்பாலும் பாக்கெட் ஏதோ ஒரு பெட்டி வரை போய்ச் சேர்ந்திருக்கிறது, அங்கே அந்தப் போர்ட்டில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. நெடுநேரம் சுற்றி "டைம்டு அவுட்" என்றால் வழியில் எங்கோ சத்தமில்லாமல் விழுங்கப்பட்டிருக்கிறது. முதல் வகை வந்தால் நான் நேராக சர்வருக்குத்தான் போவேன்.

5. அனுமதி ரூல்ல டெஸ்டினேஷன் எது போடணும், வெளி ஐபியா உள் ஐபியா? ஆளுக்கு ஒண்ணு சொல்லுகாங்க.

ஆளுக்கு ஒன்று சொல்வதில் தப்பில்லை, பெட்டிக்குப் பெட்டி வேறு. லினக்ஸில் முகவரி மாற்றம் முதலில் நடக்கும், வடிகட்டல் அப்புறம். ஆகவே அனுமதி ரூலில் 192.168.10.20 போடவேண்டும். பிஎஃப்சென்ஸும் அப்படியே. ஃபோர்டிகேட்டில் பாலிசியின் டெஸ்டினேஷனாக அந்த விஐபி பொருளையே வைக்கவேண்டும். சிஸ்கோ ஏஎஸ்ஏவில் 8.3 பதிப்புக்கு முன்னால் வெளி முகவரி, 8.3-இல் இருந்து உள் முகவரி. பழைய குறிப்பைப் பார்த்துப் புதிய பெட்டியில் எழுதினால் இங்கே வழுக்கும்.

போர்ட்டும் அப்படியே. வெளியே 8443, உள்ளே 443 என்று மாற்றினால், லினக்ஸ் வகைப் பெட்டிகளில் அனுமதி ரூலில் எழுதவேண்டியது 443.

6. சர்வர் வரைக்கும் பாக்கெட் போகுது. பதில்தான் வரல்ல.

கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜ். ரூம் புக்கிங் சர்வரை 180-இல் திறக்கவேண்டும். வெளிப்பக்கக் கேப்சரில் சின் பாக்கெட் (இணைப்பைத் தொடங்கக் கேட்கிற முதல் பாக்கெட்) வந்தது; ஒரு நொடி கழித்து மறுபடி, இரண்டு நொடி கழித்து மறுபடி, நான்கு நொடி கழித்து மறுபடி. பதில் கிடைக்காத கணினி இப்படித்தான் இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே தட்டும். உள்பக்கக் கேப்சரிலும் அதே நான்கு வரி, 192.168.10.20-க்குப் போனதாக. சர்வரில் பார்த்தால் சின் வந்திருக்கிறது, சின்-ஆக் பதிலும் கிளம்பியிருக்கிறது! ஆனால் ஃபயர்வாலுக்கு வந்து சேரவில்லை. சர்வரின் ஈதர்நெட் அமைப்பைத் திறந்தால் டிஃபால்ட் கேட்வே 192.168.10.254. ரிசப்ஷன் மேசைக்குக் கீழே பழைய பிராட்பேண்ட் மோடம் ஒன்று தூசு படிந்து, விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பதில் எல்லாம் அந்த வழியே போய்க்கொண்டிருந்தது. கேட்வேயை 192.168.10.1 ஆக்கியதும் பக்கம் திறந்தது.

இது மிகச் சாதாரணமான கோளாறு. ஃபயர்வால் மாறும், சர்வரின் கேட்வேயை மாற்ற ஒருவருக்கும் ஞாபகம் வராது. இரண்டு நெட்வொர்க் கார்டு உள்ள சர்வரிலும் இதே சங்கதிதான்: ஒரு கார்டில் வந்து இன்னொரு கார்டில் பதில் போகும். ஒரு கார்டுக்கு மட்டும் டிஃபால்ட் கேட்வே கொடுங்கள்.

சர்வரில் இருந்து பதிலே கிளம்பவில்லை என்றால் அங்குள்ள ஃபயர்வாலைப் பாருங்கள். விண்டோஸில் நெட்வொர்க் "பப்ளிக்" வகையாக மாறியிருக்கலாம். அல்லது அந்த ரூல் உள் நெட்வொர்க் முகவரிகளை மட்டும் அனுமதிக்கலாம். அப்போதுதான் "உள்ள இருந்து திறக்குது, வெளிய இருந்து திறக்கல்ல" என்பார்கள்.

7. வீட்ல இருந்து திறக்கு. ஆபீஸ்ல உட்கார்ந்து அதே 180 அடிச்சா திறக்கல்ல. மாயமா இருக்கே மக்கா?

மாயமில்லை. ஆபீஸ் கணினி 192.168.10.55 என்று வையுங்கள். அது 180-க்கு அனுப்புகிறது. ஃபயர்வால் அதை 192.168.10.20 என்று மாற்றி உள்ளேயே திருப்பிவிடுகிறது. அனுப்பியவர் முகவரி 55 என்றே இருப்பதால், பக்கத்திலேயே இருக்கிற ஆள் தானே என்று சர்வர் ஃபயர்வாலைத் தொடாமல் நேராக 55-க்குப் பதில் சொல்கிறது. 55 எதிர்பார்த்தது 180-இன் பதிலை, வந்தது 20-இன் பதில். தள்ளிவிடும். சில பெட்டிகளில் இந்த அளவுக்குக்கூட வராது. நாட் ரூல் வெளி இன்டர்ஃபேஸில் வருவதற்கு மட்டும் பொருந்தும்படி எழுதப்பட்டிருக்கும்.

தீர்வு இரண்டு. உள்ளிருந்து வருவதற்கும் பொருந்துகிற நாட் ரூல் போட்டு, அனுப்பியவர் முகவரியையும் ஃபயர்வாலின் முகவரியாக மாற்றுவது ஒன்று. ஹேர்பின் நாட் என்பார்கள். ஆபீஸுக்குள் டிஎன்எஸ்ஸில் (பெயருக்கு ஐபி சொல்லும் சேவை) சர்வரின் பெயருக்கு 192.168.10.20 என்று பதில் வைப்பது இன்னொன்று. எனக்குப் பிடித்தது இரண்டாவது. ஒரே அறைக்குள் நடக்கிற பேச்சு எதற்கு ஃபயர்வாலைச் சுற்றி வரவேண்டும்? பெயரை வைக்காமல் ஐபியையே எல்லாக் கணினியிலும் அடித்து வைத்திருந்தால் முதல் தீர்வுதான் கதி.

8. 443 மட்டும் வேற பக்கம் திறக்கு. ஃபயர்வாலோட லாகின் வருது.

ஃபயர்வாலின் நிர்வாகப் பக்கமோ விபிஎன்னோ (வெளியிலிருந்து உள் வலைக்குள் வருகிற பாதுகாப்பான வழி) தன் எல்லா முகவரியிலும் 443-இல் உட்கார்ந்திருக்கிறது. அதை வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள். அதோடு, நிர்வாகப் பக்கம் இணையத்துக்குத் தெரிகிறதென்றால் சர்வரை விட்டுவிட்டு முதலில் அதை மூடுங்கள்.

9. உள்ள வர்றது 180-ல சரியா வருது. ஆனா சர்வர் அனுப்புற மெயில் 178-ல இருந்து போகுதுன்னு திருப்பி அனுப்புகாங்க.

இதில் இரண்டு வகை போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கவேண்டும். 180-இல் வந்த இணைப்புக்கான பதில் தானாகவே 180 ஆகத்தான் திரும்பும்; அதற்கு எந்த ரூலும் வேண்டாம். சர்வர் தானாகத் தொடங்குகிற இணைப்பு வேறு. அதற்குப் பொதுவான வெளிச்செல்லும் நாட் ரூல் பொருந்தும், முதன்மை முகவரியான 178 ஒட்டிக்கொள்ளும். 178-க்கு மெயில் அனுப்ப உரிமை இருப்பதாக எஸ்பிஎஃப் பதிவில் (எந்த ஐபி நம் பெயரில் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல்) இல்லாததால் எதிர்ப்பக்கம் மறுக்கிறது.

192.168.10.20-இல் இருந்து கிளம்புவது 180 ஆகப் போகவேண்டும் என்று தனி ரூல் எழுதி, பொது ரூலுக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் பொது ரூலே முந்திக்கொள்ளும். ஒரு சர்வருக்கு முழு முகவரியையே ஒதுக்க முடிந்தால் ஒன்றுக்கு ஒன்று நாட் போடலாம். இருபக்கமும் ஒரே அடியில் முடியும். ஆனால் அனுமதி ரூலை இறுக்கமாக எழுதுங்கள், எல்லாப் போர்ட்டும் அந்த சர்வரை நோக்கித்தான் வரும். 180-இன் ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபிக்குப் பெயர் சொல்லும்) பதிவை ஐஎஸ்பிதான் போட்டுத் தரவேண்டும்.

10. 180, 181 ரெண்டையும் ஒரே சர்வருக்கு அனுப்பலாமா?

தாராளமாக. ஆனால் இரண்டும் 192.168.10.20-இன் 443-க்கே போனால், வந்தவர் எந்த முகவரியைத் தட்டினார் என்று சர்வருக்குத் தெரியாது. இரண்டுக்கும் வேறு வேறு பக்கம் காட்டவேண்டும் என்றால் சர்வருக்கு 192.168.10.21 என்று இன்னொரு உள் முகவரி கொடுத்து 181-ஐ அதற்கு அனுப்புங்கள். வலைத்தளம் மட்டும் என்றால் இந்தப் பாடே வேண்டாம். வலை சர்வர் பெயரை வைத்தே பிரித்துவிடும், ஒரு முகவரி போதும்.

11. இடி விழுந்து ஃபயர்வால் போச்சு. புதுசு வச்சு அதே செட்டிங் ஏத்தினோம். 178 உடனே வந்திட்டு, மத்தது வரல்ல. சாயங்காலம் தானா சரியாச்சு.

இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் என்பதால் இந்தக் கேள்வி ஆண்டுக்கு இரண்டு சீசன் வரும். 3-ஆம் பதிலில் சொன்ன ஏஆர்பிதான் காரணம். ஐஎஸ்பி ரவுட்டர் "180 இந்த வன்பொருள் முகவரியில் இருக்கிறது" என்று பழைய பெட்டியை நினைவில் வைத்திருக்கிறது. குடிமாறிப் போனவர் வீட்டுக்கே தபால் போடுகிற மாதிரி, செத்த பெட்டிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். சிஸ்கோ ரவுட்டர்களில் அந்த நினைவு இயல்பாக நான்கு மணி நேரம் நிற்கும். சாயங்காலம் தானாகச் சரியானது அதனால்தான். 178 மட்டும் உடனே வந்ததற்குக் காரணம், புதிய பெட்டி எழுந்ததுமே 178-இல் இருந்து கேட்வேயிடம் பேசிவிட்டது.

காத்திருக்க வேண்டியதில்லை. லினக்ஸில் ஆர்பிங் கருவியால் ஒவ்வொரு கூடுதல் முகவரிக்கும் "இது இனி என்னிடம்" என்று அறிவிப்பு விடலாம். அல்லது 180-ஐ அனுப்புநராக வைத்து 177-க்கு ஒரு பிங் போடுங்கள். அதற்கு முன் நடக்கிற ஏஆர்பி பேச்சிலேயே பல ரவுட்டர்கள் திருத்திக்கொள்ளும். கேட்காவிட்டால் ஐஎஸ்பிக்குப் போன் செய்து ஏஆர்பி நினைவை அழிக்கச் சொல்லுங்கள்.

12. ரூலை மாத்திட்டேன். ஆனாலும் பழைய சர்வருக்கே போகுது.

நடப்பில் இருக்கிற இணைப்புகளுக்குப் பழைய முடிவே தொடரும். லினக்ஸ் ஓர் இணைப்பின் முதல் பாக்கெட்டுக்கு மட்டும்தான் நாட் ரூலைப் பார்க்கும்; மிச்சத்துக்குத் தன் பதிவேட்டைப் பார்க்கும். பேச்சில் இருக்கிற டிசிபி இணைப்பை அந்தப் பதிவேடு இயல்பாக ஐந்து நாள் வரை வைத்திருக்கும். இன்டர்நெட் போன் மாதிரி யுடிபி வேலைகளில் கருவி ஓயாமல் உயிர்ச்செய்தி அனுப்பிக்கொண்டே இருப்பதால் பழைய பதிவு சாகவே சாகாது. ரூலை மாற்றியதும் அந்த முகவரிக்கான பதிவுகளை மட்டும் அழியுங்கள். முழுப் பதிவேட்டையும் அழித்தால் வேலை நேரத்தில் ஆபீஸ் முழுக்கக் கத்துவார்கள்.

13. ரெண்டு ஐஎஸ்பி லைன் இருக்கு. ரெண்டாவது லைன் ஐபியில மட்டும் எதுவும் திறக்கல்ல.

எனக்கு வருகிறதிலேயே சிக்கலானது இது. காற்றாலைக்காரர்கள் பெரும்பாலும் இதைத்தான் கேட்பார்கள். ஒரு லைன் போனாலும் இன்னொன்று வேண்டும் என்று எடுத்திருப்பார்கள். இரண்டாவது லைனில் பாக்கெட் வருகிறது, சர்வரும் பதில் சொல்கிறது. ஃபயர்வால் அந்தப் பதிலை டிஃபால்ட் ரவுட்டைப் பார்த்து முதல் லைனில் தள்ளுகிறது. அனுப்புநர் முகவரி இரண்டாவது ஐஎஸ்பியினுடையது. "இது நம் வாடிக்கையாளர் முகவரி இல்லையே" என்று முதல் ஐஎஸ்பி அதைக் கீழே போட்டுவிடும். முகவரியைப் போலியாகப் போட்டு நடக்கிற தாக்குதலைத் தடுக்க ஐஎஸ்பிகள் வைத்திருக்க வேண்டிய வடிகட்டல்தான் அது. குறை சொல்ல முடியாது.

வந்த வழியிலேயே பதில் போகவேண்டும். லினக்ஸில் இரண்டாவது லைனில் வந்த இணைப்புக்கு ஒரு குறி வைத்து, அந்தக் குறி உள்ளவற்றுக்குத் தனி ரவுட்டிங் அட்டவணை கொடுக்கவேண்டும். கூடவே ஆர்பி ஃபில்டர் (rp_filter; ஏஆர்பி அல்ல) என்கிற அமைப்பு 1-இல் இருந்தால், தப்பான வழியில் வந்தது என்று பாக்கெட்டை வாசலிலேயே கொன்றுவிடும், 2 ஆக்குங்கள். பிஎஃப்சென்ஸில் இது ரிப்ளை-டூ என்ற பெயரில் தானாக நடக்கும். ஆனால் அனுமதி ரூல் அந்த லைனின் சொந்தப் பக்கத்தில் இருக்கவேண்டும். இன்டர்ஃபேஸ் குழுவின் பக்கத்தில் எழுதினால் ரிப்ளை-டூ ஒட்டாது.

14. இப்போ எல்லாம் திறக்கு. ஆனா சர்வர் லாக்ல எல்லாரும் 192.168.10.1-ன்னு வருது.

யாரோ 6-ஆம் பதிலில் சொன்ன கேட்வேயை மாற்றாமல், உள்ளே வருவதற்கெல்லாம் மாஸ்கரேட் (அனுப்பியவர் முகவரியை ஃபயர்வாலின் முகவரியாக மாற்றுவது) போட்டு வேலையை ஓட்டியிருக்கிறார்கள். 7-ஆம் பதிலின் ஹேர்பின் ரூலை அளவுக்கு மீறி விரித்து எழுதினாலும் இப்படி ஆகும். பக்கம் திறக்கும், ஆனால் யார் வந்தார்கள் என்பது அழிந்துபோகும். தப்பான பாஸ்வேர்டு அடிக்கிற ஒருவனைத் தடுக்கப் போய் எல்லோரையும் தடுத்துவிடுவீர்கள். லாக்கை 180 நாள் வைத்திருக்கவேண்டும் என்று செர்ட்-இன் (இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பு) 2022 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது. ஒரே முகவரி மட்டும் உள்ள லாக்கை வைத்திருந்து என்ன பயன்? கேட்வேயைத் திருத்துங்கள், மாஸ்கரேட்டை எடுங்கள்.

15. கேமரா டிவிஆருக்கும், டேலி கணினியோட ரிமோட் டெஸ்க்டாப்புக்கும் ஒரு ஐபி மிச்சமிருக்கு. அதுல திறந்து விட்டுரலாமா?

வேண்டாம். 2016-இல் மிராய் என்ற நிரல் தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் கூட்டம் கூட்டமாகப் பிடித்தது. ரிமோட் டெஸ்க்டாப்பில் பாஸ்வேர்டே தேவைப்படாத ஓட்டை 2019-இல் பழைய விண்டோஸ் பதிப்புகளில் வெளிப்பட்டது. ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை வேறு எண்ணாக மாற்றுவதும் காப்பாற்றாது, எல்லாப் போர்ட்டையும் தட்டிப் பார்க்கிறார்கள். மிச்சமிருக்கிற ஐபியில் விபிஎன் வையுங்கள், அதன் வழியாக உள்ளே வந்து கேமராவைப் பாருங்கள். முதலாளி போனில் ஒரு ஆப் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

16. ஐஎஸ்பிக்குப் போன் பண்ணினா "எங்க பக்கம் எல்லாம் சரி"ன்னு வச்சிருகாங்க. என்ன சொல்ல?

"வேலை செய்யல்ல" என்று சொன்னால் அவர்களும் மோடத்தை அணைத்துப் போடத்தான் சொல்வார்கள். வெளிப்பக்கக் கேப்சரை எடுத்துக்கொண்டு பேசுங்கள். "காலை 11 மணிக்கு மொபைலில் இருந்து 180-இன் 443-க்கும் 8443-க்கும் முயன்றோம். 8443-இன் சின் எங்கள் இன்டர்ஃபேஸுக்கு வந்தது, 443-இன் சின் வரவில்லை" என்றால் போர்ட் தடுக்கப்படுகிறது என்று எதிரில் இருப்பவருக்கு உடனே புரியும். எந்தப் போர்ட்டுமே வரவில்லை, ஏஆர்பி கேள்விகூட வரவில்லை என்றால் இப்படிக் கேளுங்கள்: "/29 எங்கள் லைனில்தான் இருக்கிறதா, ரவுட் எந்த முகவரியை நோக்கி எழுதியிருக்கிறது?" இதற்குப் பதில் முதலில் போன் எடுப்பவரிடம் இருக்காது. புகார் எண்ணை வாங்கிக்கொண்டு, கேப்சர் கோப்பையும் அனுப்பி, நெட்வொர்க் பிரிவுக்கு மாற்றச் சொல்லுங்கள்.